வீட்டு வைஃபைக்கு ஒரு பெரட்டு: பத்தாங் பெர்ஜுந்தைக் கணினிக் கடையின் வீட்டுச் சேவை

எங்கள் ஊர்க் கடைத்தெருவில் கைப்பேசி உறையும் அச்சுப்பொறி மையும் விற்கும் சிறிய கணினிக் கடை ஒன்று, கடந்த ஓராண்டாக வீட்டுக்கே ஆள் அனுப்பி வைஃபையைச் சரிபார்த்துக் கொடுத்து வருகிறது. நம் இணைப்பில் என்னென்ன ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று பார்த்து, ஒவ்வொன்றும் யாருடையது என அடையாளம் கண்டு, வேண்டாதவற்றை வெளியேற்றி, மீண்டும் நுழையாதபடி பூட்டுப் போட்டுத் தர 80 ரிங்கிட் கட்டணம். தோட்டத்துக்கு உள்ளே இருக்கும் வீடுகளுக்கு வர வேண்டுமானால் மேலும் 20 ரிங்கிட். நான் அந்தப் பணத்தைக் கொடுத்தேன். கொடுத்தது வீண்போகவில்லை என்பதே என் முடிவு. அதே சமயம் அவர்கள் செய்ததில் எனக்கு ஒப்பாத காரியங்களும் உண்டு, அவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். கடையின் பெயரைப் போட வேண்டாம் என்று கடைக்காரத் தம்பி கேட்டுக்கொண்டார். கடையில் அவரும் ஓர் உதவியாளரும்தான் இருக்கிறார்கள், இப்போதே முன்பதிவு இரண்டு வாரத்துக்கு நீள்கிறதாம். உள்ளூர்க்காரர்களுக்குப் பெயர் சொல்லாமலே புரிந்துவிடும்.

எங்கள் ஊர் சிலாங்கூரில் உள்ள பத்தாங் பெர்ஜுந்தை. 2007இல் அதன் பெயரை பெஸ்தாரி ஜெயா என்று மாற்றினார்கள். பலகைகள் மாறின, எங்கள் வாய் மாறவில்லை. நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இங்குள்ள செம்பனைத் தோட்டமொன்றில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவன். பெரட்டு எனப்படும் விடியற்காலை ஆள் கணக்கெடுப்பில் நின்று, செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் உள்ள பெயரையும் எதிரே நிற்கும் ஆளையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே என் பிழைப்பாக இருந்தது. ஓய்வு பெற்றதும் தோட்டத்து வீட்டைக் காலிசெய்து ஊருக்குள் ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், குடியேறினோம். ஒரு பக்கச் சுவர் ஓர் அக்கா வீட்டுடையது, மறுபக்கச் சுவர் செம்பனை ஆலையில் வேலை செய்யும் நேப்பாளத் தொழிலாளர்கள் நால்வர் தங்கியிருக்கும் வீட்டுடையது. சுவர் ஒன்றுதான் என்பதால் வைஃபை அலை இரண்டு பக்கமும் தாராளமாகப் போய்வரும்.

சிக்கல் இரவு ஒன்பது மணியளவில்தான் தலைகாட்டும். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறோம். இருந்தும் அந்த நேரத்தில் என் மனைவி பார்க்கும் தொடர் நின்று நின்று ஓடும், மகள் நிறுவனக் கூட்டத்தில் பேசும்போது குரல் வெட்டுப்படும். ஒரு நாள் மகன் ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலைக் காட்டினான். 19 வரிகள் இருந்தன. வீட்டில் உள்ளவற்றை விரல்விட்டு எண்ணினோம், ஒன்பதுதான் தேறியது. மீதிப் பத்தில் சிலவற்றின் பக்கத்தில் ‘எஸ்ப்ரெசிஃப்’ என்று ஒரு பெயர் இருந்தது, சிலவற்றின் பக்கத்தில் ‘அறியப்படாதது’ என்று மட்டும் இருந்தது. பத்துப் பேர் வீட்டுக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்றே எங்களுக்குத் தோன்றியது. என் மகன் உடனே நேப்பாளத் தொழிலாளர்கள் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினான். அன்று நான் அவனை மறுக்கவில்லை.

இணைய நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தேன். பெயர் எதற்கு; நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு கிடைத்த அறிவுரை, ரூட்டரை அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள் என்பதுதான். அணைத்துப் போட்டேன், 19 வரிகளும் திரும்பி வந்தன. இலவசச் செயலி ஒன்றையும் இறக்கிப் பார்த்தோம். அது என் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் காட்டிய அளவுக்குக்கூட மகளின் ஐபோனில் காட்டவில்லை. 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல், ஒரே வலையில் உள்ள பிற சாதனங்களின் வன்பொருள் முகவரியைச் செயலிகள் படிக்க முடியாது என்பதைப் பின்னர்தான் தெரிந்துகொண்டேன். ஆகவே ஐபோனை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வேலையில் இறங்குகிறவர்கள் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு தேடுவது போலத்தான்.

அதன் பிறகுதான் கடைக்குப் போனேன். காலை பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன கடைக்காரர் பதினொன்றரைக்கு வந்தார். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டார், முன்கூட்டியே அழைத்துச் சொல்லவில்லை.

வந்ததும் அவர் முதலில் செய்த காரியம் எனக்குப் பிடித்துப்போனது. ரூட்டரைத் தொடவில்லை, யாரையும் வெளியேற்றவில்லை. கோடு போட்ட பள்ளிக் குறிப்பேடு ஒன்றைக் கேட்டு வாங்கி, சாப்பாட்டு மேசையில் அமர்ந்து, 19 வரிகளையும் கையால் எழுதினார். ஒவ்வொன்றுக்கும் முகவரி, ரூட்டர் காட்டும் பெயர், எந்த அலைவரிசை, சிக்னல் பலம் என்று கட்டங்கள். கடைசிக் கட்டம் ‘யாருடையது’ என்பது, அது காலியாக இருந்தது. மகன் பொறுமையிழந்து, “கடவுச்சொல்லை மாற்றிவிட்டால் எல்லாம் தானாகப் போய்விடுமே” என்றான். அவர், “போய்விடும் தம்பி. ஆனால் எது போனது, எது எப்படி வந்தது என்று தெரியாமலே போய்விடும். அதே வழியாக அடுத்த மாதம் திரும்பவும் வரும்,” என்றார். செக்ரோலும் கையுமாகக் காலம் கழித்தவனுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் விளக்க வேண்டியதில்லை.

இனி அந்த எண்ணிக்கை எப்படி நடந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொடுத்த பணத்துக்கு உரிய சரக்கு அதில்தான் இருக்கிறது. வலையில் சேரும் ஒவ்வொரு சாதனத்துக்கும் மேக் முகவரி என்று ஒன்று உண்டு. அது பன்னிரண்டு இடங்கள் கொண்டது. ஒவ்வோர் இடத்திலும் சுழி முதல் ஒன்பது வரையான எண்களில் ஒன்றோ, ஏ முதல் எஃப் வரையான ஆங்கில எழுத்துகளில் ஒன்றோ இருக்கும். முதல் ஆறு இடங்கள் அந்தச் சாதனத்தையோ அதற்குள் இருக்கும் வைஃபைச் சில்லையோ செய்த நிறுவனத்தைக் குறிக்கும், அந்த எண்களை நிறுவனங்களுக்கு ஒதுக்குவது ஐ-ட்ரிபிள்-இ என்னும் பன்னாட்டுப் பொறியாளர் அமைப்பு. எங்களைக் கலங்கடித்த ‘எஸ்ப்ரெசிஃப்’ ஷாங்காயைச் சேர்ந்த சில்லு நிறுவனம். மலிவான அறிவார்ந்த சுவிட்சுகள், விளக்குகள் பலவற்றின் வயிற்றில் அதன் சில்லுதான் இருக்கிறது. பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் வணிகப் பெயர் பட்டியலில் வராமல், உள்ளே இருக்கும் சில்லின் பெயர் வந்து நின்றதால்தான் நம் வீட்டுப் பொருளே நமக்கு அந்நியமாகத் தெரிந்திருக்கிறது.

அவர் என் மனைவியிடம், “அம்மா, பூஜை அறை விளக்கு எந்த சுவிட்சில் இருக்கிறது?” என்று கேட்டார். அது நேரம் வைத்தால் தானாக எரிந்து அணையும் பிளக் ஒன்றில் இருந்தது. மகள் இணையத்தில் வாங்கிப் போட்டது, நாங்கள் அதைப் பிளக் என்றுதான் நினைத்திருந்தோம், வைஃபையில் இருக்கும் சாதனம் என்று நினைத்ததே இல்லை. அதைப் பிடுங்கச் சொல்லிவிட்டு, பட்டியலைப் புதுப்பித்தபடி காத்திருந்தார். உடனே ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு மூன்று நிமிடம் கழித்து ‘எஸ்ப்ரெசிஃப்’ வரிகளில் ஒன்று சாம்பல் நிறமாகியது. குறிப்பேட்டில் கடைசிக் கட்டத்தில் ‘சாமி விளக்கு’ என்று எழுதினார். வாசல் விளக்கின் பிளக்கைப் பிடுங்கியதும் மற்ற வரியும் மங்கியது. இதே முறையில் அச்சுப்பொறியும், பேரன் வந்தால் மட்டும் வெளியே எடுக்கும் பழைய டேப்லட்டும் தங்கள் பெயரைப் பெற்றன. டேப்லட் அலமாரிக்குள் மின்னூட்டத்தில் கிடந்து, யாரும் தொடாமலே வைஃபையில் இருந்திருக்கிறது.

இதைவிட வியப்பானது கைப்பேசிகளின் கதை. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதலும், 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதலும், கைப்பேசிகள் தங்கள் உண்மையான மேக் முகவரியை வெளியே காட்டாமல், ஒவ்வொரு வைஃபைப் பெயருக்கும் ஒரு புனைமுகவரியை உண்டாக்கிக்கொள்கின்றன. கடைவீதிகளில் நம்மை யாரும் பின்தொடராமல் இருக்க இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் எங்கள் ரூட்டரில் இரண்டு அலைவரிசைகள் உண்டு, 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு ஒரு பெயரும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு வேறொரு பெயரும் வைத்திருந்தார்கள். சமையலறையில் ஒன்றிலும் கூடத்தில் மற்றொன்றிலும் சேர்ந்ததால் மனைவி, மகன், மகள் மூவரின் கைப்பேசிகளும் இரண்டிரண்டு முகவரிகளோடு பட்டியலில் நின்றன; முன்பு வந்துபோனவற்றையும் அழிக்காமல் வைத்திருக்கும் வகை ரூட்டர் அது. ஒரே ஆளுக்கு இரண்டு செக்ரோலில் பெயர் ஏறினால் அது பெரிய மோசடி என்று பிடித்துக் கொடுத்தவன் நான். என் வீட்டிலேயே மூன்று பேர் அப்படி இருந்திருக்கிறார்கள். என் கைப்பேசி மட்டும் பழையது என்பதால் தன் உண்மை முகவரியோடு ஒரே வரியில் அடங்கியிருந்தது.

புனைமுகவரியைக் கண்டுபிடிக்க அவர் காட்டிய வழியை எவரும் இலவசமாகச் செய்து பார்க்கலாம். முகவரியின் இரண்டாவது இடத்தைப் பாருங்கள். அங்கே 2, 6, ஏ, இ ஆகிய நான்கில் ஒன்று இருந்தால் அது தொழிற்சாலையில் பதித்த முகவரி அன்று, சாதனமே உண்டாக்கிக்கொண்டது. என் மகளின் கைப்பேசியில் ஒரு முகவரி டி, ஏ என்று தொடங்கியது; கைப்பேசியின் வைஃபை அமைப்புக்குள் போய்ப் பார்த்தபோது அதே எண் அங்கேயும் இருந்தது. அவர் மூன்று கைப்பேசிகளிலும் எங்கள் வீட்டு வைஃபைக்கு மட்டும் இந்தப் புனைமுகவரியை நிறுத்திவைத்து, இரண்டு அலைவரிசைகளுக்கும் ஒரே பெயரைக் கொடுத்தார். வெளியிடங்களுக்கு அது தொடர்ந்து இயங்கும்படி விட்டார். சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன்.

ஒரு மணி நேரத்தில் 19இல் 16 வரிகளுக்குச் சொந்தக்காரர் கிடைத்துவிட்டார்கள், எல்லாம் எங்களுடையவையே. கைப்பேசிகளின் இரட்டை வரிகளை ஒன்றாக்கினால் வீட்டில் இருப்பது 13 சாதனம். மூன்று வரிகள் மிஞ்சின.

முதலாவது, தீபாவளித் திறந்த இல்லத்துக்கு வந்த என் தங்கை மகனின் கைப்பேசி. அதில் அவன் தன் பெயரையே வைத்திருந்ததால் ஒரு நொடியில் தெரிந்தது. இரண்டாவது ஒரு தொலைக்காட்சி. எங்கள் தொலைக்காட்சி வேறு நிறுவனத்துடையது, அது ஏற்கெனவே கணக்கில் வந்துவிட்டது. இந்தத் தொலைக்காட்சி 2.4 கிகாஹெர்ட்ஸில் மங்கிய சிக்னலோடு சேர்ந்திருந்தது. ரூட்டரில் அது இழுத்த தரவின் அளவு வீட்டிலுள்ள வேறெதையும் விட அதிகம். அவர் பட்டியலைத் திருப்பிக் காட்டியதும் என் மனைவி மெதுவாக, “அது பக்கத்து வீட்டு அக்காவுடையதாக இருக்கும்,” என்றாள்.

நடந்தது இதுதான். இரண்டு மாதத்துக்கு முன் அக்கா வீட்டு இணைப்பு அறுந்துபோனது. முதலாம் படிவத்தில் படிக்கும் அவருடைய பேரன் பாட வேலை அனுப்ப வேண்டும் என்று வந்து நின்றபோது, என் மனைவி தன் கைப்பேசியை அவனிடம் கொடுத்திருக்கிறாள். அவன் வைஃபையைப் பகிரும் கியூஆர் கட்டத்தைத் திறந்து, தன் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போய்விட்டான். அந்தக் கட்டத்துக்குள் கடவுச்சொல் மறையாக்கம் எதுவும் இன்றி அப்படியே எழுத்தாக இருக்கிறது என்பதைக் கடைக்காரர் எங்கள் கண்முன்னே காட்டினார். சாதாரணக் குறியீடு படிக்கும் செயலி ஒன்றைக் காட்டியதும், எங்கள் வைஃபைப் பெயரும் கடவுச்சொல்லும் திரையில் வந்து நின்றன. படமாக இருப்பதால் அது சாவி போல நமக்குத் தோன்றுவதில்லை, வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சாவியை அனுப்பியதாகவே கணக்கு. பேரன் அதைக் கொண்டு பாட்டியின் தொலைக்காட்சியையும் சேர்த்திருக்கிறான். இரவு ஒன்பது மணிக்கு அந்த வீட்டிலும் அதே தொடர்தான் ஓடியிருக்கிறது.

மகன் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தவன். அனுமதியின்றிக் கணினியில் நுழைவோருக்கு 1997ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி 50,000 ரிங்கிட் வரை அபராதமோ ஐந்தாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம் என்பது அவன் படித்து வைத்திருந்த செய்தி. சட்டம் உண்மைதான். அனுமதி கொடுத்தது அவன் அம்மா என்று தெரிந்த பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மூன்றாவது வரி யாருடையது என்று இன்றுவரை தெரியாது. புனைமுகவரி, இரண்டாம் இடத்தில் இ, பெயர் இல்லை, அன்று இணைப்பிலும் இல்லை. மகன் மறுபடியும் நேப்பாளத் தொழிலாளர்களின் சுவரைப் பார்த்தான். “பட்டியல் சொல்லாததை நாமாகச் சொல்லக்கூடாது தம்பி,” என்று சொல்லி, கடைசிக் கட்டத்தில் கேள்விக்குறி போட்டார் கடைக்காரர். பத்துப் பேரையும் அந்தச் சுவருக்கு அப்பால் தேடிய எனக்கு அப்போது முகம் கொஞ்சம் சுருங்கியது.

பூட்டுப் போடும் வேலைக்கு அரை மணி நேரம் ஆனது, அதில் பெரும்பகுதி எவருக்கும் தெரிந்ததே. ரூட்டரின் நிர்வாகக் கடவுச்சொல் நிறுவியவர் விட்டுச்சென்ற நிலையிலேயே இரண்டாண்டாக இருந்தது, அதை மாற்றினார். வைஃபைக் கடவுச்சொல்லை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களாக அமைக்கச் சொன்னார். குறைந்தது எட்டு எழுத்து என்பது விதி, 63 வரை போகலாம் என்பதால் நீளத்துக்குப் பஞ்சமில்லை. பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3 என்னும் புதிய வகை மட்டும் என்று வைத்துப் பார்த்தபோது அச்சுப்பொறியும் பிளக்குகளும் சேர மறுத்தன, ஆகவே பழைய டபிள்யூபிஏ2-உம் 3-உம் கலந்த நிலையில் விட்டார். தொலைவிலிருந்து நிர்வகிக்கும் வசதியை அணைத்தார்.

கடவுச்சொல் தட்டாமலே சாதனத்தைச் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் என்னும் பொத்தான் வசதியை அணைத்தபோது அவர் சொன்ன விளக்கம் மட்டும் என் மனத்தில் நின்றுவிட்டது. அந்த வசதிக்குள் எட்டு இலக்க எண் ஒன்று இருக்கிறது. எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்புகள் என்று நாம் நிம்மதியாக இருப்போம். ஆனால் கடைசி இலக்கம் முந்தியவற்றைக் கூட்டிப் பெருக்கி வரும் சரிபார்ப்பு இலக்கம், அதைக் கணக்கிட்டே எழுதிவிடலாம். மீதி ஏழையும் ரூட்டர் மொத்தமாகச் சோதிப்பதில்லை. முதல் நான்கு சரியா தவறா என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறது. ஆகவே முதல் பாதிக்கு 10,000, அடுத்த மூன்றுக்கு 1,000, கூட்டினால் அதிகபட்சம் 11,000 முயற்சி போதும். 2011 டிசம்பரில் ஸ்டெஃபான் வீபெக் என்ற ஆய்வாளர் இதை வெளியிட்டார். புதிய ரூட்டர்கள் பல, தவறான முயற்சிகள் மிகுந்தால் தாமே பூட்டிக்கொள்கின்றன. ஆனாலும் வேண்டாத கதவை அடைத்து வைப்பதில் நட்டம் ஏதும் இல்லை.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு என்ன செய்வது என்று அவர் எங்களையே கேட்டார். வெட்டிவிட மனம் வரவில்லை. ரூட்டரில் இருக்கும் விருந்தினர் இணைப்பைத் திறந்து, தனிக் கடவுச்சொல்லோடு, வேகத்தில் 20 எம்பிபிஎஸ் வரம்பு வைத்து, அவர்கள் வீட்டு இணைப்பு சரியாகும்வரை அதில் இருக்கட்டும் என்று முடிவுசெய்தோம். அதில் சேர்பவர்கள் இணையத்துக்குப் போகலாம், எங்கள் அச்சுப்பொறியையோ கண்காணிப்புக் கேமராவையோ பார்க்க முடியாது. கேமராக்களையும் பிளக்குகளையும் குடும்பக் கைப்பேசிகளிடமிருந்து பிரித்து வைப்பதே மேல் என்று அவர் சொன்னார், ஆனால் எங்கள் ரூட்டரில் ஒரே ஒரு விருந்தினர் இணைப்புதான் உண்டு. அயலாரையும் கேமராவையும் ஒரே அறையில் வைக்க நான் ஒப்பவில்லை.

இப்போது குறைகள். கடவுச்சொல் மாறினால் இரண்டு பிளக்குகளையும் இரண்டு கேமராக்களையும் அச்சுப்பொறியையும் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. கேமராக்களையும் அச்சுப்பொறியையும் சேர்த்துவிட்டு, அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்று புறப்பட்டார். பிளக்குகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிரவு சாமி விளக்கு எரியவில்லை, வாசல் விளக்கு இரண்டு நாள் இரவு பகலாக எரிந்தது. பிளக்கின் பொத்தானை ஐந்து நொடி அழுத்திப் பிடித்தால் விளக்கு வேகமாகச் சிமிட்டும், அப்போது கைப்பேசி 2.4 கிகாஹெர்ட்ஸில் இருந்தால்தான் அது சேரும் என்பதை மகள் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்தாள். இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்த பிறகு கைப்பேசியை 2.4இல் நிறுத்துவது எளிதில்லை. அவள் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு வெளிவாசல் வரைக்கும் நடந்து, 5 கிகாஹெர்ட்ஸ் எட்டாத தூரத்தில் நின்று சேர்த்தாள். 80 ரிங்கிட் வாங்குகிறவர் செய்திருக்க வேண்டிய வேலை இது.

இரண்டாவது குறை, புதிய கடவுச்சொல்லை ஒரு வெள்ளை ஒட்டுத்தாளில் எழுதி ரூட்டரின் முகப்பில் ஒட்டிவிட்டுப் போனது. எங்கள் ரூட்டர் இருப்பது ஜன்னலோரம். பூட்டுப் போட்டுவிட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்ட கதைதான். நான் அதைக் கிழித்துக் குறிப்பேட்டின் உள்ளட்டையில் எழுதிக்கொண்டேன்.

மூன்றாவது, கூடுதல் சரக்கு. மேக் முகவரி வடிகட்டி என்று ஒன்றை 20 ரிங்கிட்டுக்கு அமைத்துத் தருகிறேன் என்றார். நம் பட்டியலில் உள்ள முகவரிகளுக்கு மட்டும் ரூட்டர் கதவைத் திறக்கும். காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் புனைமுகவரி பற்றி ஒரு மணி நேரம் பாடம் நடத்தியவரே அதை விற்பது எனக்கு விளங்கவில்லை. கைப்பேசிகளே தங்கள் முகவரியை மாற்றிக்கொள்ளும் காலத்தில், தெரிந்தவன் ஒருவன் நம் முகவரியை நகலெடுத்து உள்ளே வருவது பெரிய வித்தை அன்று. வீட்டுக்கு வரும் விருந்தினருக்குத்தான் தொல்லை. வேண்டாம் என்றேன், அவர் வற்புறுத்தவில்லை. புதிய ரூட்டர் ஒன்றின் விலையையும் போகிற போக்கில் சொன்னார், அதையும் வேண்டாம் என்றேன், அதையும் அதோடு விட்டுவிட்டார். புதிய சாதனம் சேர்ந்தால் கைப்பேசிக்குத் தகவல் வரும் கண்காணிப்பு மாதம் 15 ரிங்கிட்டாம். இரண்டு கூலி வேலைக்காரர்கள், ஒரு மாமியார், விடுமுறைக்கு வரும் மூன்று பேரன்கள் என்று ஆள் போக்குவரத்து மிகுந்த வீட்டில் அது ஓயாமல் மணியடிக்கும் என்றே தோன்றுகிறது. வாடகைக்கு மாணவர்களை வைத்திருக்கும் வீட்டுக்காரர்கள் சிலர் எடுத்திருக்கிறார்களாம், அவர்களுக்குப் பயன்படலாம்.

யார் அழைக்கலாம் என்று கேட்டால், வீட்டில் ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறக்கத் தெரிந்த பிள்ளை ஒருவர் இருந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கவும் முடியுமானால் 80 ரிங்கிட் தேவையில்லை; மேலே சொன்னபடி ஒரு குறிப்பேட்டை எடுத்து ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் போதும். பிள்ளைகள் எல்லாரும் கோலாலம்பூரில் இருக்க, முதியவர்கள் மட்டும் இருக்கும் வீடுகளுக்கு இந்தக் கடையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அந்தத் தம்பி நல்ல தமிழில் பொறுமையாக விளக்குகிறார், என் மனைவி தலைகுனிந்தபோது ஒரு சொல்லும் பேசாமல் அடுத்த வரிக்குப் போனார். அழைக்கிறவர்கள் முன்கூட்டியே இரண்டு விஷயங்களைச் சொல்லி வையுங்கள்: பிளக்குகள் உட்பட எல்லாவற்றையும் திரும்பச் சேர்த்துவிட்டுத்தான் போக வேண்டும், கடவுச்சொல்லை எங்கும் ஒட்டக்கூடாது. காலை முதல் ஆளாக நேரம் வாங்குவது நல்லது. மதியத்துக்கு மேல் வாங்கினால் முந்திய வீடுகளின் தாமதமெல்லாம் நம் தலையில் விழும்.

ஆறு வாரமாகிறது. மாதத்தின் முதல் நாள் காலையில், கோப்பியோடு உட்கார்ந்து ரூட்டர் பட்டியலையும் குறிப்பேட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். மனைவி இதற்குப் பெரட்டு என்றே பெயர் வைத்துவிட்டாள். நேற்றுப் பார்த்தபோது வீட்டு இணைப்பில் 13 வரிகள், பதின்மூன்றுக்கும் என் கையெழுத்தில் பெயர் இருந்தது. விருந்தினர் இணைப்பில் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி மட்டும் இருந்தது. கேள்விக்குறி போட்ட அந்த முகவரி இதுவரை திரும்பி வரவில்லை.